கடைசி முப்பதடி

ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த அபார்ட்மெண்டின் படிக்கட்டில் நின்று காது கொடுத்தாலும், ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கும். "நெட் சுத்துதுடா!" சுற்றுவது நெட் இல்லை. திரையில் இருக்கும் அந்தச் சின்ன வட்டம். உடனே அந்த வீட்டில் மூன்று காரியங்களில் ஒன்று நடக்கும். ஒன்று, ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். இரண்டு, இணைப்புக் கொடுத்த கம்பெனியைத் திட்டுவார்கள். மூன்று, "பிளானை மாத்திடலாம்" என்று அடுத்த பெரிய பிளானுக்குப் பணம் கட்டிவிடுவார்கள்.

முதல் காரியத்தில் தப்பில்லை. ரவுட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். மாதக்கணக்கில் கண்ணை மூடாமல் வேலை செய்தால் அதற்கும் தலை சுற்றும். இரண்டாவதில் மனசுக்கு ஒரு திருப்தி உண்டு. மூன்றாவதுதான் பர்ஸைக் கடிக்கும். பல வீடுகளில் அது வீண் செலவும்கூட.

நான்காவதாக ஒரு காரியம் இருக்கிறது. எந்த இடத்தில் ஸ்லோ என்று கண்டுபிடிப்பது. இதற்குக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டாம். பாத்ரூம் குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் என்ன செய்கிறீர்கள்? எடுத்த எடுப்பில் மெட்ரோ வாட்டரைத் திட்டுவதில்லை. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடியதா, மொட்டைமாடி டேங்க் நிரம்பியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் குழாயின் வாயைத் திருகிக் கழற்றுகிறீர்கள். உள்ளே சல்லடையில் மண் அடைத்திருக்கிறது. தட்டிவிட்டு மாட்டினால் கொட்டுகிறது. நெட்டும் அப்படித்தான்.

முன்பெல்லாம் இந்தக் குழப்பமே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, டெலிபோன் வயர்தான் வழி. மோடம் கிரீச் கிரீச்சென்று கத்தி, யாரோடோ சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகும். டயல்அப் காலத்தின் உச்சக்கட்ட வேகமே விநாடிக்கு 56 கிலோபிட். அப்போது ஸ்லோ என்றால் வயர்தான் ஸ்லோ. வீட்டுக்குள் தேட எதுவுமில்லை. 2004-ல் அரசாங்கம் பிராட்பேண்ட் கொள்கை வகுத்தபோது, குறைந்தது 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2023-ல் 2 மெகாபிட்.

இன்றைக்கு வீட்டு வாசல்வரை கண்ணாடி இழை வந்துவிட்டது. 100 மெகாபிட் பிளான் என்பது சர்வசாதாரணம். அந்தப் பழைய மோடத்தைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு. இருந்தும் புகார் மட்டும் அதேதான். காரணம், அடைப்பு இடம் மாறிவிட்டது. தெருவில் இருந்த அடைப்பு இப்போது பல வீடுகளில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் பின் அறையில் இருக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள கடைசி முப்பதடியில்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கம்பெனிக்காரர்கள் விற்பது மெகாபிட். நீங்கள் டவுன்லோட் செய்யும்போது திரையில் பல சமயம் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் பிளானில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வரவே வராது. "நூறு சொல்லிட்டு பன்னெண்டு தர்றான், மோசடி!" என்று யாராவது உங்களிடம் பொங்கினால், எட்டால் வகுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல பிளான்களில் பொடி எழுத்தில் மாதத்துக்கு இவ்வளவு கிகாபைட் என்று ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மாதம் பிறந்ததும் நெட் பறந்து, மாதக் கடைசியில் தவழ்ந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இப்போது பரிசோதனை. ஒரு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிள் வழியாக ரவுட்டரோடு நேரடியாக இணையுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்களை ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொல்லுங்கள் (இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம்). ஏதாவது ஒரு ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் மூன்று தடவை வேகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, வைஃபையில் ரவுட்டருக்கு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கடைசியாக, எந்த அறையில் புகார் வருகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். காலையில் ஒருமுறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை. மொத்தம் ஆறு எண்கள். ஒரு துண்டுக் காகிதம் போதும்.

கேபிளிலேயே வேகம் இல்லையென்றால் அடைப்பு வெளியே. கம்பெனியைக் கூப்பிடலாம். கேபிளில் நன்றாக வந்து அறையில் வரவில்லை என்றால் அடைப்பு உங்கள் வீட்டுக் காற்றில். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அது தீராது. டேங்க்கைப் பெரிதாக்கினால் குழாய்ச் சல்லடை மண் போய்விடுமா?

எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் ஒரு ரிட்டயர்டு பாங்க் ஆபீசர் இருக்கிறார். அவர் அம்மாவுக்கு 86 வயசு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து பின் அறைக் கட்டிலோடு சரி. சின்ன மகன் டொரண்டோவில். ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு வீடியோ காலில் வருவார். ஒருநாள் அந்தப் பாட்டியைப் பார்க்கப் போயிருந்தபோது, மெள்ள என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சின்னவன் முன்ன மாதிரி இல்ல தம்பி. நான் பாதி பேசிண்டிருக்கறச்சேயே வெச்சுடறான். கேட்டா பதில் வர்றதுக்கே யோசிக்கறான். ஏதோ மனஸ்தாபம் போலருக்கு. என்னன்னுதான் தெரியல."

பெரியவர் அவசரமாக, "நெட்டு ஸ்லோம்மா, அவ்வளவுதான்" என்றார். என்னிடம் திரும்பி, "நூறுலேர்ந்து இருநூறு பிளானுக்கு மாத்திட்டேன் சார். மாசம் எக்ஸ்ட்ரா அழறேன். ஒரு பிரயோஜனம் இல்லை" என்றார்.

துண்டுக் காகிதத்தை எடுத்தோம். கேபிளில் 94. ஹாலில் ரவுட்டர் அருகே 71. பாட்டியின் கட்டிலில் 2.

முதல் எண்ணே ஒரு கதை சொல்லிவிட்டது. 200 பிளானில் 94 ஏன்? அவருடைய ரவுட்டர் பழைய ரகம். அதில் கேபிள் செருகும் துவாரங்கள் எல்லாம் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காதவை. அப்படிப்பட்ட துவாரத்தில் நடைமுறையில் 94, 95தான் வரும். அதாவது அவர் கூடுதலாகக் கட்டிய பணத்துக்கான மெகாபிட்டுகள் வாசல்வரை வந்து, உள்ளே நுழைய முடியாமல் நின்றுகொண்டிருந்தன. (உங்கள் வீட்டிலும் எவ்வளவு பெரிய பிளான் போட்டும் 94-லேயே நிற்கிறதென்றால், ரவுட்டரின் துவாரத்தையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. அதில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம்.)

ஆனால் பாட்டியின் பிரச்னை அது இல்லை. 94-ம் 71-ம் ஏகப்பட்டது. ஒரு வீடியோ காலுக்கு இரண்டு, மூன்று மெகாபிட் தாராளம். பிரச்னை அந்த 2. அதைவிட முக்கியமாக, ஒரு துளித் தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். பின் அறையில் அது ஒருமுறை 400 மில்லிசெகண்ட், அடுத்த முறை 900 என்று தாவிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் மனஸ்தாபங்கள் பிறப்பது இங்கேதான். டெலிபோன் பேச்சில் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள் ஆனால் பெரும்பாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியனின் கணக்கு. அதற்கு மேல் போகப்போக இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள், ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். பதில் தாமதமானால் நம் மனசு அதைத் தயக்கம் என்று படிக்கும். குரல் அறுந்தால் கோபம் என்று படிக்கும். நடுவில் இருக்கும் மெஷினை மனசுக்குத் தெரியாது.

கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து டொரண்டோ 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்கோட்டில் கேபிள் போட்டிருந்தாலே 65 மில்லிசெகண்ட் ஆகும். கடலுக்கடியில் சுற்றிச் சுற்றி வருவதால் நடைமுறையில் 100-ஐத் தாண்டிவிடும். ஐன்ஸ்டீனே வந்தாலும் இதைக் குறைக்க முடியாது. ஆக, 150-ல் மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதை வீட்டு பீரோ தின்றுவிடக்கூடாது.

பீரோ எங்கே வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன்.

வைஃபை என்பது ரேடியோ. 'ஹைஃபை'க்கு ஜோடியாக எதுகை மோனையோடு 1999-ல் ஒரு பெயர் வைக்கும் கம்பெனி சூட்டிய பெயர் அது. அது முதலில் குடியேறிய அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று அமெரிக்கா 1985-ல் திறந்துவிட்ட அலைவரிசைகளில் ஒன்று. இந்தியாவில் 2005-ல் லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். ஏன் அவ்வளவு தாராளம்? அது ஏற்கெனவே மைக்ரோவேவ் அடுப்புகள் இரைச்சல் போடும் இடம். யாருக்கும் பெரிதாக வேண்டாத புறம்போக்கு. இன்றைக்கும் சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும் மூன்று நிமிஷம் அதன் பக்கத்தில் வைஃபை திக்கினால் ஆச்சரியப்படாதீர்கள். அதிலிருந்து கசியும் துளி அலை, உடம்புக்குக் கெடுதல் செய்யாத அளவுதான் என்றாலும், ரவுட்டரின் மெல்லிய குரலை அமுக்க அது போதும்.

அறைக்குள் ரேடியோவுக்கு இன்னொரு தொல்லை எதிரொலி. அலை சுவரில், தரையில், கதவில் பட்டு, பல வழிகளில், பல நேரங்களில் வந்து சேர்ந்து குழம்பும். கல்யாண மண்டபத்தில் மைக் பேச்சு புரியாமல் போகுமே, அதுபோல. இதைப் பிரித்தெடுக்க வழி கண்டவர்களில் ஒருவர், ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன். அவர் 1970-களில் தேடியது வேறு. ஸ்டீபன் ஹாக்கிங் கணித்த குட்டிக் கருந்துளைகள் வெடிக்கும்போது வரக்கூடிய ரேடியோ சமிக்ஞைகளை வானத்தில் தேடினார். கிடைக்கவில்லை. கலங்கிப்போன சமிக்ஞைகளைத் தெளிவாக்கும் அந்த அனுபவம், 1990-களில் அவரும் சகாக்களும் வீட்டுக்குள் வயரில்லா நெட்வொர்க் செய்ய முயன்றபோது கைகொடுத்தது. 1996-ல் அமெரிக்க பேடண்ட் கிடைத்தது. கருந்துளையைத் தேடினவர் கண்டுபிடித்ததை நாம் டி.வி. ஸ்டாண்டின் அடித்தட்டில், பித்தளைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறோம்.

எதிரொலியைச் சமாளிக்கலாம். தடுப்பை முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். மரக் கதவு, பிளைவுட் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. செங்கல் சுவர் கொஞ்சம் குடிக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தூண் நிறையக் குடிக்கும். தண்ணீரும் குடிக்கும். மீன் தொட்டி, கேன் தண்ணீர், நாம் எல்லாருமேகூட. இரும்போ அடியோடு மறைத்துவிடும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடியின் பின்புறப் பூச்சு எல்லாம் இந்த ஜாதிதான். பாட்டி வீட்டில் ரவுட்டர் ஹாலில், டி.வி.க்குப் பின்னால். கட்டிலுக்கும் அதற்கும் இடையில் இரண்டு சுவர். இரண்டாவது சுவரை ஒட்டி, பாட்டியின் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. நெட்டுக்கு இதைவிட நல்ல கோட்டை கட்ட முடியாது.

இப்போது வரும் ரவுட்டர்களில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடமும் தாராளம். ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. 2.4 தூரம் போகும். ஆனால் நெரிசல். உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் வீடு என்று இருபது பெயர் வரும். எங்கள் பில்டிங்கில் ஒன்று 'சொந்தமா வாங்கு' என்றே பெயர் வைத்திருக்கிறது. அத்தனையும் ஒரே ஹாலில் பேசுகிற கூட்டம். 2.4-ல் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ரவுட்டரின் செட்டிங்கில் எது காலியோ அதற்கு மாற்றலாம். இடையில் 3, 8 என்று புத்திசாலித்தனம் பண்ணினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் கேட்கும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறைகளுக்கு 2.4 என்பது சுலபமான விதி.

ஆண்டெனா விஷயத்தில் பல பேர் அதை டார்ச் லைட் மாதிரி தங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள். அது தலைகீழ். குச்சி ஆண்டெனாவின் நுனியிலிருந்து அலை வருவதில்லை. குச்சியின் இடுப்பைச் சுற்றி மெதுவடை மாதிரி பரவுகிறது. நுனி காட்டும் திசைதான் இருப்பதிலேயே வறட்சி. ஒரே மாடி என்றால் நேராக நிமிர்த்தி வையுங்கள். ரவுட்டரைத் தரையில் வைக்காமல் ஆளுயரத்துக்கு மேல், வீட்டின் நடுவாந்தரத்தில், காற்றோட்டமாக வைத்தால் பாதிப் புகார் தீரும். இதற்குக் காலணா செலவில்லை.

வேறு இரண்டு திருடர்கள் உண்டு. ஒருவர் பழைய போன். வைஃபையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரேஷன் கடை க்யூ மாதிரி. தூரத்து அறையில் கிடக்கும் பழைய போன் ஒரு படம் பார்க்கிறதென்றால், அது நிறுத்தி நிதானமாகப் பையை விரித்து, சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் புது போன் எவ்வளவு வேகமாக இருந்து என்ன, காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொருவர் அப்லோட். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து போனை மேஜையில் வைக்கிறீர்கள். அது உங்களிடம் சொல்லாமல் முந்நூறு போட்டோவையும் நாற்பது வீடியோவையும் எங்கோ மேலே ஏற்ற ஆரம்பிக்கிறது. வீடே திணறும். ஸ்பீட் டெஸ்டில் கீழே வரும் வேகம் ஓரளவு சரியாகவே இருக்கும். ஆனால் எதைத் தொட்டாலும் தாமதம். 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க என்ஜினியர் தன் வீட்டிலேயே இந்தக் கூத்தைக் கவனித்து, தோண்டிப் பார்த்து, 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். தகவல்களைத் தொலைத்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் கருவிகளுக்குள் ரொம்ப நீளமான க்யூ வைத்துவிட்டார்கள். அந்த க்யூவின் கடைசியில் உங்கள் பேச்சு போய் நிற்கிறது. பேக்கப்பை ராத்திரி இரண்டு மணிக்கு என்று மாற்றி வைப்பது எளிய வைத்தியம். ரவுட்டர் செட்டிங்கில் 'க்யூஓஎஸ்' என்று ஒன்று இருந்தால், பேச்சுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லலாம்.

பாட்டி அறைக்கு என்ன செய்தோம்? கடையில் 'ரிப்பீட்டர்' என்று ஒரு டப்பா விற்பார்கள். பிளக்கில் செருகினால் போதும் என்பார்கள். அது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. எளிய வகைகள் கேட்கவும் சொல்லவும் ஒரே அலைவரிசையை உபயோகிப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். தாமதமும் கூடும். 'மெஷ்' என்று இப்போது வருபவை தேவலை, விலைதான் ஜாஸ்தி. எல்லாவற்றையும்விட உத்தமம் பழைய நண்பன் வயர். அவர் வீட்டுப் பரணில் முந்தைய இணைப்புக்குக் கொடுத்த ரவுட்டர் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. செட்டிங்கில் அதை 'ஆக்சஸ் பாயிண்ட்' ஆக மாற்றி, சுவர் ஓரமாகக் கேபிள் இழுத்து, பாட்டியின் அறைவாசலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். செலவு கேபிளுக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் சில நூறு ரூபாய். கட்டிலில் 2 இருந்தது 60-ஐத் தாண்டியது. 400, 900 என்று தாவிய தாமதமும் அடங்கியது. பெரியவர் மறுமாதம் 200 பிளானை விட்டுப் பழையபடி 100-க்கு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் படிக்கட்டில் அவரைப் பார்த்தபோது, பாட்டி ஒன்றரை மணி நேரம் பேசினதாகச் சொன்னார். முடித்ததும் பாட்டி சொன்னாராம். "இப்பதான் அவனுக்குக் கோபம் தணிஞ்சிருக்கு."

எல்லாத் தப்பும் வீட்டுக்குள் என்று கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். கேபிளில் வைத்த பரிசோதனையே தோற்றால் விஷயம் வேறு. கம்பெனி மாட்டிய டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்தால் இழையில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். இழையை மடக்கினாலே வெளிச்சம் ஒழுகிவிடும். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே அது நசுங்கியிருக்கிறதா பாருங்கள். காலையில் முழு வேகம், ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் கேபிளிலேயே பாதி என்றால், உங்கள் தெருவுக்கு அவர்கள் தேவைக்கு மேல் கனெக்‌ஷன் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. சில தளங்கள் மட்டும் தவழ்ந்து மற்றதெல்லாம் பறந்தால் அடைப்பு ரொம்ப தூரத்தில். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்து, இந்தியா முழுக்க நெட் தள்ளாடியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே மறுபடி அறுந்தது. அந்த மாதிரி நாட்களில் ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டும் புண்ணியமில்லை. காப்பி போட்டுச் சாப்பிடலாம்.

அடைப்பு கம்பெனி பக்கம் என்று தெரிந்தால், அந்தத் துண்டுக் காகிதம்தான் ஆயுதம். "சார், ஸ்லோவா இருக்கு" என்றால், "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்பார்கள். "கேபிள்ல காலைல 94, ராத்திரி 11. மூணு நாளா தேதி போட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் குரல் மாறும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் 2012-ல் போட்ட விதி. அங்கே முதலில் கேட்பது அந்தப் புகார் எண்ணைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் ரவுட்டர் ஏன் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன், வயர் நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில், டி.வி.க்கு வசதியாக வைத்துவிட்டுப் போயிருப்பான். அன்றிலிருந்து வீட்டிலேயே முதல் மரியாதை டி.வி.க்கு. மிச்சம் மீதிதான் உள்ளறைகளுக்கு. ஆனால் நெட் நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் பல வீடுகளில் உள்ளறையில்தான் இருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு இண்டர்வியூ கொடுக்கும் பெண், பரீட்சைக்குப் படிக்கும் பையன், வாரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு முகத்துக்காகக் காத்திருக்கும் வயசானவர்கள்.

போனை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போங்கள். அவர்கள் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்து ஒரு டெஸ்ட் போடுங்கள். ஒற்றை இலக்கம் வந்தால் அடுத்த பிளானுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் பீரோவை நகர்த்துங்கள்.